எடுக்கலை

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் ரோடு கீழே இறங்கும். அந்தப் பள்ளத்தில் பந்தும் பூட்சும் தைக்கிற ஒரு மனிதர் கடை வைத்திருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் எடுக்கலை. பந்து கிழிந்தால் “எடுக்கலைகிட்ட குடு” என்றுதான் சொல்வார்கள்.

பெயர் வந்தது எங்கள் ஊர் ரேடியோவிலிருந்து. அதில் பாட்டு, செய்தி ஒன்றும் கிடையாது. உள்ளூர் ஆட்டங்கள், முக்கியமாகக் கால்பந்து. ஆட்டம் முடிந்தால் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. பேச்சும் தீர்ந்தால் பழைய ஆட்டத்தின் பதிவு. மழை பெய்த நாளில் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனுக்கு அவர் போன் வந்துவிடும். ஹலோ கிடையாது, யார் பேசுகிறேன் கிடையாது. “எடுக்கலை” என்பார், வைத்துவிடுவார். போன் எடுக்கிற பெண் முதலில் பயந்தாள். பிறகு சிரித்தாள். பிறகு மணி அடித்ததுமே “எடுக்கலையா அண்ணே?” என்று அவளே முந்திக்கொண்டாள். மேனேஜருக்கு இது பெரிய வேடிக்கை. ஒரு நாள் வர்ணனை செய்கிறவனை விட்டு, “எடுக்கலை அண்ணனுக்காக இந்த கோல்” என்று ரேடியோவிலேயே சொல்லவைத்தார். ஊர் முழுக்கச் சிரித்தது. அந்தப் பள்ளத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அங்கே அது கேட்கவில்லை.

நான் ஸ்டேஷன் ஆள் இல்லை. டவர் ஏறுகிறவன். மேட்டில் இருக்கிற அவர்கள் டவரில் பல்பு மாற்ற, பெயிண்ட் அடிக்க, கேபிளை இழுத்துக் கட்ட என்று கூப்பிடுவார்கள், போவேன். அப்படிப் போன ஒரு நாள் மேனேஜர் என் கையில் ஒரு புது ரேடியோ செட்டைத் திணித்தார். பள்ளத்தில் இருக்கிற அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு வா, இனி போன் பண்ண வேண்டாம் என்று நல்லபடியாகச் சொல்லு என்றார். அவர் செட்டுதான் பழசு, நம் சிக்னலில் ஒரு குறையும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு பெருந்தன்மை. அப்போதே எனக்குக் கடுப்பாக இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். சுவர் முழுக்கப் பூட்ஸ், ஜோடி ஜோடியாகக் கயிற்றில் தொங்கும். மூலையில் காற்றுப் போன பந்துகள் ஒரு குவியல். அவர் நடுவில் முக்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்கு இடையில் பந்தை இடுக்கிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். கட்டையான ஆள், கழுத்தே கிடையாது. நான் ஸ்டேஷனிலிருந்து வருகிறேன் என்றதும் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேனேஜர் சொன்னதைச் சொல்லிச் செட்டை நீட்டினேன்.

வாங்கவில்லை. எழுந்து போய்த் தன் பழைய செட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். புதுசையும் பிரிக்கச் சொன்னார். இரண்டையும் போட்டோம். பழசு கரகரவென்றது. புதுசும் கரகரவென்றது, கொஞ்சம் பளபளப்பாக. முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது.

“இப்ப சொல்லு தம்பி. எது ரிப்பேர்?”

நான் இரண்டு செட்டையும் அணைத்தேன்.

“உன் மேனேஜருக்கு நான் பிச்சையா கேட்டேன்? எடுக்கலைன்னா எடுக்கலை. அதுக்கு என்னன்னு பாக்கணும். செட்டு குடுத்து வாயை அடைக்கறானா? எடுத்துட்டுப் போ இதை.”

உள்ளேயிருந்து அவர் மனைவி தலையை நீட்டினார். “தம்பி உக்காருங்க. அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான். ரேடியோவாவது மழைக்குத்தான் எடுக்காது. என் பேச்சு இவருக்கு வெயில்லயும் எடுக்காது.”

அண்ணி சொன்னதற்கு அவர் முறைத்தார். ஆனால் எனக்கு இன்னொரு முக்காலியைத் தள்ளிவிட்டார். என் கால் பூட்சைப் பார்த்து, டவர் ஏறுகிறவன் இப்படிப் பிளந்த பூட்சோடு ஏறினால் மேலேயே போய்விடுவாய் என்று திட்டி, கழற்றச் சொன்னார். அவர் அதைத் தைக்க, அண்ணி விஷயத்தைச் சொன்னார்.

அவர் முன்பு ஒரு தோல் கம்பெனியில் பை தைத்தவர். கம்பெனியைப் பூட்டியதும் ஒரு கிளப் செயலாளர் கிழிந்த பந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து இந்த வேலை. பந்தை ஒருநாளும் உதைத்தது கிடையாது. உதைத்தால் கிழியும், கிழிந்தால் நான்தானே தைக்கணும் என்பாராம். பூட்ஸ் கொடுக்க வருகிற ஆட்டக்காரர்கள் கடையில் நின்று நேற்றைய ஆட்டத்துக்குச் சண்டை போடுவார்கள். அது ஃபவுல், இது ஃபவுல் இல்லை என்று கழுத்தைப் பிடிப்பார்கள். இவர்கள் மகள் சின்ன வயதிலேயே அந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்துவைக்கப் பழகிவிட்டாள். பூட்ஸ் பெட்டி மேல் ஏறி நின்று யார் பக்கம் தப்பு என்று சொல்வாளாம். கேட்காதவன் பூட்ஸ் அன்றைக்குத் தைக்கப்படாது. வளர்ந்து மருந்துக் கடையில் வேலைக்குப் போனாள். பரீட்சை எழுதி நடுவரும் ஆனாள். இப்போது வட்டார லீக்கில் விசில் அடிப்பது அவள்.

முதல் ஆட்டத்துக்கு இவர் மைதானத்துக்குப் போனார். கூட்டத்தில் ஒருவன் அவளைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னான். இவர் கையில் குத்தூசியோடு வேலி தாண்டி அவனை விரட்டியிருக்கிறார், மைதானத்துக்கு நடுவே. அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். நேரே அப்பாவிடம் வந்தாள். பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினாள்.

“பெத்த அப்பனுக்கு ரெட் கார்டு,” என்றார் அண்ணி. “வீட்டுக்கு வந்ததும், இனி நீங்க மைதானத்துக்கு வந்தா நான் விசில் எடுக்க மாட்டேன்னுட்டா.”

அன்றிலிருந்து அவர் போவதில்லை. மகள் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. ரேடியோதான்.

போன சீசன் அரையிறுதியில் மழை. நம் ஊர் அணிக்கு எதிராக அவள் பெனால்டி கொடுத்தாள். கூட்டம் பொங்கியது. இவர் இங்கே செட்டைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்கிறார். “கூட்டம் உள்ள எறங்கிடுச்சு, ரெஃப்ரி மேல...” அதற்குப் பிறகு கரகரப்பு. திருப்புகிறார், தட்டுகிறார், கூரைமேல் கம்பியைக் கட்டிப் பார்க்கிறார். ஒன்றுமில்லை. ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். இங்கே நன்றாகத்தான் கேட்கிறது என்றார்கள். என் மகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். மழையில் சைக்கிளை மிதித்து மைதானத்துக்குப் போனால் கேட் பூட்டியிருக்கிறது. திரும்பி வந்தால் அவள் வீட்டில் இருக்கிறாள், புருவத்துக்கு மேல் தையலோடு. எவனோ பாட்டில் வீசியிருந்தான்.

“வந்ததும் என்ன கேட்டாரு தெரியுமா?” என்றார் அண்ணி. “இந்தத் தையலை எவன் போட்டான், இழைக்கு இழை கோணலா இருக்குன்னாரு. அப்புறம் பின்பக்கம் போய் ரொம்ப நேரம் நின்னாரு.”

அவர் என் பூட்சிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வர்ற ஞாயித்துக்கிழமை ஃபைனல். அதே ரெண்டு டீம். அவதான் ரெஃப்ரி. மழை வரும்னு வேற சொல்றாங்க.” நூலை இழுத்து அறுத்தார். “எனக்கு உன் புது செட்டு வேணாம். அவளுக்கு என்ன ஆகுதுன்னு காதுல விழணும். அவ்வளவுதான்.”

செட்டைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். ஏனென்றால் கோளாறு என்ன என்று ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினியர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். டவர் மேலே ஏரியலுக்குப் போகிற கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் இறங்குகிறது. தண்ணீர் இறங்கினால் மேலே போகிற பவரில் ஒரு பங்கு திரும்பிக் கீழே வரும். அது வந்தால் டிரான்ஸ்மிட்டர், தான் எரிந்துபோகாமல் இருக்க, தன் பவரைத் தானே குறைத்துக்கொள்ளும். மூச்சு முட்டினால் நாம் மெதுவாகப் பேசுகிற மாதிரி. மேட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கு அதுவே போதும். பள்ளத்துக்குப் போய்ச் சேராது. ஜாயிண்டை மாற்றுவது ஒரு முற்பகல் வேலை. புது ஜாயிண்ட் டிரான்ஸ்மிட்டர் அறையிலேயே உறை பிரிக்காமல் கிடக்கிறது. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் டிரான்ஸ்மிட்டரை நிறுத்த வேண்டும். ஓடும்போது ஏரியல் பக்கத்தில் போகிறவன் வெந்துபோவான்.

மேனேஜர் நிறுத்த விடமாட்டார். வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிவைத்திருக்கிறார்: ஒரு நொடியும் ஓயாத குரல். அந்த எழுத்துக்குப் பெயிண்ட் அடித்தவனும் நான்தான்.

அவர் அறையில் இன்ஜினியரும் இருந்தான். செட்டை மேஜைமேல் வைத்தேன். இரண்டு செட்டும் எடுக்கவில்லை என்றேன். ஃபைனல், மகள், புருவத் தையல் எல்லாம் சொன்னேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு திரும்பி, தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினார். யாரோ ஒரு பழைய கோலைப் பற்றி மணிமணியாகப் பேசிக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு தெளிவா இருக்கு, கேளுங்க. இதுல என்ன குறை?”

இன்ஜினியர் சொன்னான்: “சார், அது ஸ்டூடியோ மிக்சர்ல இருந்து ஒயர்ல நேரா வருது. காத்துல போற சத்தம் இல்லை. உங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கேன்.”

“எதுல வந்தா என்ன தம்பி, நம்ம சத்தம்தானே?”

சமையல்கட்டில் நின்று ருசி பார்த்துவிட்டு, பந்தியில் இருக்கிற எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிட்டது என்கிற கதை. அதைச் சொல்லியும் பார்த்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“பூட்ஸ் தைக்கிற ஒருத்தனுக்காக ஊரு ரேடியோவையே நிறுத்தச் சொல்றியா? உன் வேலை ஏறுறது. ஏறச் சொன்னா ஏறு.”

என் கை அந்தச் செட்டின்மேல் இருந்தது. அதைத் தூக்கி அவர் ஸ்பீக்கர்மேல் எறிந்திருப்பேன். இன்ஜினியர் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

மாடிப்படியில் பாதி வந்தவன் அப்படியே நின்றான். மேலே பார்த்தான். அந்த ஸ்பீக்கரின் சத்தம் இங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, அது நிக்கவே நிக்காது.”

“எது?”

“அந்த ஸ்பீக்கர். மேட்டுல நாம எதை நிறுத்தினாலும் அது பாட்டுக்குப் பேசிட்டேதான் இருக்கும்.”

டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினாலும் மேனேஜருக்குத் தெரியவராது என்கிறான் என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். ஆத்திரத்தில் வருகிற சிரிப்பு, அதில் சந்தோஷம் கிடையாது. இவ்வளவு நாளும் ஊருக்கு என்ன கேட்கிறது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்டுப் பார்க்காமலே ஸ்டேஷன் நடந்திருக்கிறது.

ஃபைனலுக்கு முன் ஒரு வெயிலடித்த முற்பகலைப் பிடித்தோம். ரேடியோவில் பழைய ஆட்டத்தின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மேட்டு அறையில் இன்ஜினியர் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினான். மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டான். ஏறுகிறவன் பையில்தான் சாவி இருக்கும். எங்கள் வழக்கம் அது. நான் இறங்காமல் எந்தக் கொம்பனும் போட முடியாது.

மேலே போய் ஜாயிண்டின் டேப்பை அறுத்தேன். பச்சை நிறத்தில் தண்ணீர் சரசரவென்று என் சட்டைக் கைக்குள் இறங்கியது. உள்ளே செம்பு களிம்பு பிடித்துப் பொரிந்து கிடந்தது. அந்த ஆளின் மகளுக்கு என்ன ஆச்சு என்பது இந்த ஒரு கைப்பிடித் தண்ணீரில்தான் மூழ்கிப்போனது என்று நினைத்தேன். கெட்டுப்போனது வரை கேபிளை அறுத்தெடுத்துப் புது ஜாயிண்டை முறுக்கினேன். அதற்குமேல் ரப்பர், அதற்குமேல் டேப், கீழிருந்து மேலாக, தண்ணீர் வழிந்து ஓடுகிற மாதிரி.

கீழே இன்ஜினியரின் போன் அடித்தது. ஸ்டேஷன் பெண். பேசிவிட்டு என்னை அண்ணாந்து பார்த்துக் கத்திச் சொன்னான். எடுக்கலை, எடுக்கலை என்று போன் குவிகிறதாம், மேட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்துகூட. அவள் ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னாளாம். அவர் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரைக் காட்டி, இங்கே நன்றாகத்தானே கேட்கிறது, செட்டைத் தட்டிப் பார்க்கச் சொல் என்றாராம்.

அன்று முற்பகல் ஊர் முழுக்க எடுக்கலை ஆனது.

அவரும் போன் பண்ணியிருக்கிறார். அந்தப் பெண் பிற்பாடு சொன்னாள். வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லையாம். “கரகரப்பு கூட இல்லையேம்மா. செத்துப் போச்சா?” என்று கேட்டாராம். குரலே சரியில்லை என்றாள்.

இறங்கிச் சாவியைக் கொடுத்தேன், டிரான்ஸ்மிட்டரைப் போட்டோம். திரும்பி வருகிற பவர் இருக்கிற இடம் தெரியாமல் போயிருந்தது. டிரான்ஸ்மிட்டர் முழு மூச்சில் நின்றது. ஜீப்பை எடுத்துக்கொண்டு இருவரும் நேரே பள்ளத்துக்குப் போனோம். தெரு முனையிலேயே கேட்டது. அவர் கடையில் செட்டு அலறிக்கொண்டிருந்தது. நடுவில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். நான் அறுத்து எடுத்த துண்டைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று நானும் முட்டாள்தனமாக நின்றேன்.

“ஒரு காலைப்பொழுது வேலை?” என்றார்.

“ஆமாண்ணே.”

“அப்ப போன சீசனே செஞ்சிருக்கலாம்.”

“செய்ய விடலைண்ணே.”

“யாரு விடலைன்னு எனக்கு எதுக்கு? அவ தலையில ரத்தம் ஓடினப்ப நான் இங்க பொட்டியைத் தட்டிட்டு இருந்தேன்.” துண்டைப் பந்துக் குவியலில் வீசி எறிந்தார். இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் சுருக்கென்றது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அண்ணிதான், வந்தவர்களைத் தண்ணீர் குடிக்கவாவது விடுங்கள் என்று அவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிற்று. மேட்டுப் பக்கத்தில் அவர் மாமனார் வீடு. மாமனாருக்கும் அன்றைக்கு எடுக்கவில்லை. எங்கள் இருவரையும் நிற்கவைத்து, ஒரு நொடியும் ஓயாத குரலை ஓயவைத்தீர்களா என்று கத்தினார். இன்ஜினியர் கத்தவில்லை. “நீங்க கேட்டுட்டேதான சார் இருந்தீங்க. எப்ப நின்னுச்சுன்னு நீங்களே சொல்லுங்க” என்றான். ஸ்பீக்கர் அப்போதும் பேசிக்கொண்டிருந்தது. மறுநாளே ரேடியோவில் அறிவிப்பு: நேயர்களுக்காக நிலையம் தன் ஒலிபரப்பை மேம்படுத்தியுள்ளது. யார் மேம்படுத்தினார்கள் என்று கிடையாது. அதோடு என்னை அந்த டவருக்குக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். போகட்டும். ஊரில் வேறு டவர் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மழை சொன்னபடி வந்தது. நான் அவர் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். கூரைமேல் மழை அடிக்கிறது, அதற்கு மேலே செட்டு பேசுகிறது, ஒரு எழுத்து உடையவில்லை. விசில் சத்தம்கூடக் கேட்டது. விசில் அடித்தபோதெல்லாம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பந்து இருந்தது. முழு ஆட்டத்திலும் அதில் ஒரு தையல்கூட விழவில்லை.

இரண்டாவது பாதியில் மறுபடியும் அதேதான். நம் ஊர்க்காரன் எதிராளியின் காலை வாரினான், பெனால்டி. கூட்டத்தின் இரைச்சல் செட்டுக்குள்ளிருந்து எழுந்தது. அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எழுந்தே விட்டார். ஆனால் வேலியோரம் காவலர்கள் நின்றார்கள் போலிருக்கிறது. யாரும் உள்ளே இறங்கவில்லை என்று வர்ணனைக்காரன் சொன்னான். சொல்லிவிட்டு, வாய் சும்மா இருக்காமல், இந்தப் பொண்ணுகளை விசில் கொடுத்து அனுப்பினால் இப்படித்தான், கண் ஒரு பக்கம் விசில் ஒரு பக்கம் என்றான்.

அவர் போனை எடுத்தார். அந்தப் பெண் பேசியது எனக்கே கேட்டது. “எடுக்கலையா அண்ணே?”

“எடுக்குதும்மா,” என்றார். “ஒரு வார்த்தை விடாம எடுக்குது. அதான் போன் பண்றேன். இப்ப பேசினானே, அவனை லைன்ல குடு.”

அவனுக்கு என்ன கொடுத்தார் என்பதை இங்கே எழுத முடியாது. அண்ணி காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் ஆட்டம் முடிகிறவரை அவன் அவளை நடுவர் என்றுதான் சொன்னான்.

மாலையில் அவள் வந்தாள். நனைந்த சட்டை, முழங்கால் வரை சேறு, புருவத்துக்கு மேல் பழைய தழும்பு மட்டும்தான். அவர் வாசலில் நின்று அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். உடைந்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று பந்தைப் பார்ப்பாரே, அப்படி. அவள் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். “ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி அந்த ஆளைத் திட்டினது நீங்கதானேப்பா?”

“நான் என்ன பண்ணேன்? அவன்தான்...”

அவள் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். நீட்டிவிட்டுக் காலைக் கழுவப் போய்விட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பி ஏதோ நியாயம் பேச வாயைத் திறந்தார். அண்ணி சொன்னார்: “எதிர்த்துப் பேசினா ரெண்டாவது மஞ்சள். அப்புறம் ரேடியோவும் கிடையாது.”

வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.